முதல் பிக் கிடைத்தால் கோப்பை கிடைக்குமா? என்.எச்.எல். டிராஃப்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் வந்துவிட்டால் பிளே ஆஃபுக்குப் போகாத அணிகளின் ரசிகர்கள் ஒரே விஷயத்தைத்தான் பேசுவார்கள்: லாட்டரியில் நமக்கு எத்தனையாவது இடம்? புதிதாக ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கிய நண்பர்களும் சொந்தக்காரர்களும் இது பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களும் தேசிய ஹாக்கி லீக் எனப்படும் என்.எச்.எல். பற்றியவை. வெறுமனே ‘கோப்பை’ என்றால் அதன் சாம்பியன் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை. என் அபிப்பிராயம் வருகிற இடத்தில் அதை என் அபிப்பிராயமாகவே சொல்லியிருக்கிறேன்.

டிராஃப்ட் என்பது ஐ.பி.எல். ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் யார் அதிக விலை கேட்கிறாரோ அவருக்கு வீரர். டிராஃப்டில் விலைக்கு இடமில்லை, வரிசைதான். 32 அணிகளும் முறை வைத்து ஆளுக்கு ஒருவராக இளம் வீரர்களை எடுத்துக்கொண்டே போகும். ஏழு சுற்றுகள், 224 பேர். தன் முறைக்கு ஒருவரை எடுக்கும் உரிமைக்குத்தான் ‘பிக்’ என்று பெயர். எடுத்த அணியைத் தவிர வேறு எந்த என்.எச்.எல். அணியும் அந்த வீரரோடு ஒப்பந்தம் பேச முடியாது. பெரும்பாலானவர்களுக்கு அப்போது வயது 18, பள்ளிப் படிப்பு முடிந்தும் முடியாத வயது.

1963-ல் மாண்ட்ரியலில் ஒரு ஹோட்டலில் தொடங்கிய வழக்கம் இது. அன்று முதல் ஆளாக எடுக்கப்பட்ட கேரி மோனஹனுக்கு வயது 16.

கடைசியில் வந்த அணிக்கு முதல் பிக் என்றுதானே கேள்விப்பட்டேன்? பிறகு எதற்கு லாட்டரி?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அதனால் என்ன ஆனது என்று பாருங்கள். 1983-84 சீசனை பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 38 புள்ளிகளோடு கடைசியில் முடித்தது. நியூ ஜெர்சி டெவில்ஸ் எடுத்தது 41 புள்ளிகள். அந்த மூன்று புள்ளி வித்தியாசத்தில் பிட்ஸ்பர்குக்கு மரியோ லெமியூ கிடைத்தார், நியூ ஜெர்சிக்கு கர்க் முல்லர் கிடைத்தார். முல்லர் நல்ல ஆட்டக்காரர். லெமியூவோ இந்த விளையாட்டின் சரித்திரத்திலேயே முதல் நான்கைந்து பேரில் ஒருவர்.

தோற்பதற்கு இவ்வளவு பெரிய பரிசு வைத்தால் தோற்க ஆசை வரத்தான் செய்யும். 1992-93-ல் ஒட்டாவா செனட்டர்ஸ் மீது அந்தச் சந்தேகம் எழுந்து லீக் விசாரணையே நடத்தியது. 1995-ல் லாட்டரி வந்தது.

இப்போதைய முறைப்படி பிளே ஆஃபுக்குப் போகாத 16 அணிகளும் குலுக்கலில் இருக்கும். இயந்திரத்தில் 14 பந்துகள். அதில் நான்கு வெளியே வரும். வரக்கூடிய எண் சேர்க்கைகளை அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கீழே முடித்த அணிக்கு அதிகம், மேலே முடித்த அணிக்குக் கொஞ்சம். முதல் இரண்டு இடங்களுக்கு மட்டுமே குலுக்கல். வெல்கிற அணி பத்து இடங்களுக்கு மேல் முன்னேற முடியாது. கடைசி அணிக்கு முதல் பிக் கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம். எவ்வளவு கெட்ட நேரமானாலும் அது மூன்றாம் இடத்துக்குக் கீழே இறங்காது.

அதாவது, கடைசியில் முடித்த அணிக்கு நாலு தடவையில் மூன்று தடவை முதல் பிக் கிடைக்காது. 2025-ல் நியூயார்க் ஐலண்டர்ஸ் கீழிருந்து பத்தாவது இடத்தில் இருந்தது. கையில் இருந்த வாய்ப்பு 3.5 சதவீதம். அதை வைத்தே முதலிடத்துக்குத் தாவி, மேத்யூ ஷேஃபர் என்ற டிஃபென்ஸ் வீரரை எடுத்தது.

18 வயதுப் பையன் ஒருவனுக்கு ஏன் இத்தனை மதிப்பு?

இரண்டு காரணம். முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. அணியைத் தூக்கி நிறுத்தும் ஒரு சென்டரையோ (முன்களத்தின் நடுவில் ஆடுபவர்) டிஃபென்ஸ் வீரரையோ சந்தையில் வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஒரு வீரர் தன் விருப்பப்படி எந்த அணிக்கும் போகும் சுதந்திரம் 27 வயதிலோ ஏழு சீசன் ஆடிய பிறகோதான் வரும். அதற்குள் அவரை வைத்திருக்கும் அணி நீண்ட ஒப்பந்தம் போட்டுவிடும். எனவே அவரை வாசலிலேயே பிடிக்க வேண்டும். அந்த வாசல்தான் டிராஃப்ட்.

இரண்டாவது காரணம் சம்பளம். என்.எச்.எல்.-ல் ஒவ்வொரு அணியும் மொத்தச் சம்பளமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று சாலரி கேப் என்னும் உச்சவரம்பு உண்டு. டிராஃப்டில் வருகிறவரின் முதல் ஒப்பந்தத்துக்கு அதற்குள்ளேயே தனியாக இன்னொரு உச்சவரம்பு. கானர் மெக்டேவிட் 2016-17-ல் 100 புள்ளிகள் (போட்ட கோலும் கோலுக்குச் செய்த உதவியும் சேர்த்து) எடுத்து லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கியபோது அவரது அடிப்படைச் சம்பளம் 9.25 லட்சம் டாலர், போனஸ் தனி. அடுத்த ஒப்பந்தம் ஆண்டுக்கு 1.25 கோடி டாலர். அந்த இடைவெளியில் மிச்சமாகிற பணத்தில் இன்னும் இரண்டு மூன்று நல்ல வீரர்களை வாங்க முடியும்.

என் கணக்கில் உயர்ந்த பிக்கின் உண்மையான மதிப்பு முதல் ஒப்பந்தத்தின் இந்த மூன்று ஆண்டுகளில்தான் இருக்கிறது. பெரும்பாலான அணிகள் அதை வீணாக்குகின்றன. காரணம் எளிது. முதல் பிக் கிடைக்கிற அணி படுமோசமான அணியாக இருக்கும். பையன் மலிவாகக் கிடைக்கும் ஆண்டுகளில் அவனைச் சுற்றி வேறு யாரும் இருக்க மாட்டார்கள். சுற்றி ஆள் சேரும் நேரத்தில் அவன் மலிவாக இருக்க மாட்டான்.

முதல் பிக்குக்கும் ஐந்தாம் பிக்குக்கும் அவ்வளவு வித்தியாசமா?

ஆண்டைப் பொறுத்தது. பொதுவாக மதிப்பு முதல் இரண்டு மூன்று இடங்களில் மலைச்சரிவு போலச் சரியும், பிறகு மெல்ல இறங்கும். முதல் பிக்குக்கும் நான்காம் பிக்குக்கும் இருக்கும் தூரம், நாற்பதாவதுக்கும் எழுபதாவதுக்கும் இடையே இருக்காது.

2004-ல் முதல் இருவர் அலெக்ஸ் ஓவெச்கின், எவ்கெனி மால்கின். 2015-ல் மெக்டேவிட், ஜாக் ஐகல். இப்படிப்பட்ட ஆண்டில் மூன்றாவதாக நிற்பது வயிற்றெரிச்சல்தான். 1999-ல் கதை தலைகீழ். முதல் பிக்காக அட்லாண்டா எடுத்த பாட்ரிக் ஸ்டெஃபான் பெரிதாக வரவில்லை. இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வான்கூவர் எடுத்த செடீன் இரட்டையர் இருவரும் ஹாக்கி புகழரங்கில் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2017. அதற்கு முந்தைய சீசனில் கொலராடோ அவலாஞ்ச் 82 ஆட்டங்களில் வெறும் 48 புள்ளிகள் எடுத்தது. மற்ற எல்லா அணிகளையும் விட வெகு தூரம் பின்னால். லாட்டரியும் கைவிட்டது. அப்போதைய விதிப்படி நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள். ரசிகர்கள் நொந்துபோனார்கள். அந்த நான்காம் இடத்தில் எடுத்தவர் கேல் மகார். உடனே அவரை இழுத்துவந்து ஆடவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடி வளர்ந்தார். 2019 பிளே ஆஃபில் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். 2022-ல் கொலராடோ கோப்பை வென்றபோது பிளே ஆஃபின் சிறந்த வீரர் அவர்தான். முதல் மூன்று இடங்களில் எடுக்கப்பட்ட நிகோ ஹிஷியர், நோலன் பாட்ரிக், மிரோ ஹெய்ஸ்கனன் மூவரில் இருவர் மிக நல்ல வீரர்களாக வந்தார்கள். பாட்ரிக்கை ஒற்றைத் தலைவலி நோய் ஆட விடாமல் செய்துவிட்டது. 18 வயதில் திறமை தேடி அலையும் எந்த ஸ்கவுட்டாலும் அதைக் கணித்திருக்க முடியாது.

உயர்ந்த பிக்குகளை வைத்துக் கோப்பை வென்ற அணிகள் உண்டா?

நிறைய உண்டு. பிட்ஸ்பர்க் 2003 முதல் 2006 வரை வரிசையாக நான்கு ஆண்டுகள் முதல் இரண்டு இடங்களுக்குள் எடுத்தது: ஃபிளூரி, மால்கின், சிட்னி கிராஸ்பி, ஜோர்டன் ஸ்டால். 2009-ல் கோப்பை, பிறகு 2016, 2017. சிகாகோ 2006-ல் மூன்றாவதாக ஜோனதன் டேவ்ஸையும் 2007-ல் முதலாவதாக பாட்ரிக் கேனையும் எடுத்து 2010, 2013, 2015-ல் வென்றது. டாம்பா பே 2008-ல் ஸ்டாம்கோஸ் முதலாவது, 2009-ல் ஹெட்மன் இரண்டாவது. 2020, 2021-ல் கோப்பை.

இந்தப் பட்டியலைக் காட்டித்தான் ‘இடித்துவிட்டுக் கட்டுவோம்’ என்று அணி நிர்வாகங்கள் ரசிகர்களுக்குச் சொல்கின்றன. ஆனால் அதே அணிகளின் இன்னொரு பட்டியலையும் பார்க்க வேண்டும். சிகாகோவின் தூணான டங்கன் கீத் 54-வது பிக். டாம்பாவின் குச்செரோவ் 58, பிரேடன் பாயின்ட் 79, ஒன்ட்ரேய் பலாட் 208. பிட்ஸ்பர்கின் கிரிஸ் லெடாங் 62. முதல் இடங்களில் எடுத்தவர்கள் மட்டும் இருந்திருந்தால் இந்த அணிகளில் எதுவும் வென்றிருக்காது.

காத்திருப்பின் நீளத்தையும் கவனியுங்கள். லெமியூவுக்கு முதல் கோப்பை ஏழாவது சீசனில்தான், 1991-ல். ஓவெச்கினை 2004-ல் எடுத்த வாஷிங்டன் 14 ஆண்டுகள் கழித்து 2018-ல் வென்றது.

எட்மன்டனுக்கு நான்கு முதல் பிக்குகள் கிடைத்தும் ஏன் இவ்வளவு திணறியது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். டிராஃப்ட் பற்றிய எல்லாப் பாடமும் இந்த ஓர் ஊரில் இருக்கிறது.

எட்மன்டன் ஆய்லர்ஸ் 2010-ல் டெய்லர் ஹால், 2011-ல் ரயன் நியூஜென்ட் ஹாப்கின்ஸ், 2012-ல் நெய்ல் யாகுபோவ், 2015-ல் மெக்டேவிட் என ஆறு ஆண்டுகளில் நான்கு முறை முதலிடத்தில் எடுத்தது. இடையில் 2014-ல் மூன்றாவதாக லியோன் டிரைசைட்டில். இவ்வளவுக்கும் 2007 முதல் 2016 வரை பத்து சீசன்கள் பிளே ஆஃப் வாசலை மிதிக்கவில்லை.

முதல் மூவரும் முன்கள வீரர்கள். எதிரணியின் தாக்குதலைத் தடுத்து, பக் என்னும் ரப்பர் வட்டைக் கைப்பற்றி முன்னால் தள்ளிக்கொடுக்க நல்ல டிஃபென்ஸ் இல்லை, நம்பகமான கோலி (கோல் காவலர்) இல்லை. கூடைப்பந்தில் ஒரு நட்சத்திரம் 48 நிமிடத்தில் 35, 40 நிமிடம் களத்தில் நிற்பார். ஹாக்கியில் ஆகச் சிறந்த முன்கள வீரர்கூட 60 நிமிடத்தில் 20, 22 நிமிடம்தான் பனித்தளத்தில் இருப்பார். மீதி 40 நிமிடம் யார் ஆடுகிறார்கள் என்பதுதான் அணியின் தலையெழுத்து. எட்மன்டன் அந்த 40 நிமிடத்தை மறந்தது.

பிறகு அந்தக் குறையை நிரப்ப 2016-ல் ஹாலை நியூ ஜெர்சிக்குக் கொடுத்து ஆடம் லார்சன் என்ற டிஃபென்ஸ் வீரரை வாங்கியது. இரண்டே ஆண்டில் ஹால் ஹார்ட் கோப்பை வாங்கினார். யாகுபோவ் 2018-க்குப் பிறகு என்.எச்.எல்.-லேயே இல்லை. அவர் எடுக்கப்பட்ட அதே 2012-ல் 19-வதாக டாம்பாவுக்குப் போனவர் வசிலெவ்ஸ்கி, 130-வதாக வின்னிபெக்குக்குப் போனவர் கானர் ஹெல்லபக். இருவரும் இந்தத் தலைமுறையின் தலைசிறந்த கோலிகள்.

மெக்டேவிட், டிரைசைட்டில் என்ற இரண்டு அசாதாரணமான வீரர்களும் சேர்ந்துதான் கடைசியில் அணியை 2024, 2025 இறுதித் தொடர்களுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டிலும் ஃபுளோரிடாவிடம் தோல்வி. 2024-ல் தோற்ற அணியில் இருந்தும் பிளே ஆஃபின் சிறந்த வீரர் விருது மெக்டேவிட்டுக்குப் போனது. அதை வாங்கிக்கொள்ள அவர் தளத்துக்குத் திரும்பி வரவில்லை. அந்த இரவு எனக்கு இன்னும் கனமாகவே இருக்கிறது.

பஃபலோவின் கதை என்ன?

அதைவிடச் சோகம். பஃபலோ சேபர்ஸ் 2014-ல் இரண்டாவதாக சாம் ரைன்ஹார்ட், 2015-ல் இரண்டாவதாக ஐகல், 2018-ல் முதலாவதாக ராஸ்மஸ் டாலின், 2021-ல் முதலாவதாக ஓவன் பவர். காகிதத்தில் பார்த்தால் பொறாமைப்பட வேண்டிய வரிசை. 2012 முதல் 2025 வரை 14 சீசன்கள் தொடர்ந்து பிளே ஆஃப் இல்லை. லீக் வரலாற்றில் வேறு எந்த அணிக்கும் இவ்வளவு நீண்ட வறட்சி கிடையாது.

ஐகலுக்குக் கழுத்தில் காயம். எந்த அறுவை சிகிச்சை செய்வது என்பதில் அணியோடு உடன்பாடு வரவில்லை. 2021-ல் வேகாஸுக்கு டிரேட் ஆனார், அதாவது மாற்றிக் கொடுக்கப்பட்டார். 2023-ல் வேகாஸ் கோப்பை வென்றபோது பிளே ஆஃபில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர். அதே 2021-ல் ரைன்ஹார்ட்டை ஃபுளோரிடாவுக்குக் கொடுத்தார்கள். 2024 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றி கோல் அவருடையது. 2025-ன் கடைசி ஆட்டத்தில் நான்கு கோல். முன்பு பஃபலோவில் இருந்த ரயன் ஓ’ரைலி 2018-ல் செயின்ட் லூயிஸுக்குப் போய் அடுத்த ஆண்டே கோப்பையும் சிறந்த வீரர் விருதும் வாங்கினார்.

பஃபலோ எடுத்த பிள்ளைகள் சரியானவர்கள்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எடுத்த பிறகு அந்தப் பிள்ளைகள் வளர்ந்த வீடு சரியில்லை. பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், பொது மேலாளர்கள் மாறினார்கள். இருபது வயதுப் பிள்ளைகளிடம் அணியைச் சுமக்கச் சொன்னார்கள். அனுபவமுள்ள மூத்த வீரர்கள் நான்கு பேர் பக்கத்தில் இருந்தால் ஓர் இளைஞன் தோல்வியைத் தாங்கக் கற்றுக்கொள்வான், தோல்விக்குப் பழகிப்போக மாட்டான்.

அப்படியானால் நல்ல பிக்குக்காக வேண்டுமென்றே தோற்கலாமா?

என் பதில்: கூடாது. ஒழுக்கத்தை விட்டுவிட்டுக் கணக்காகப் பார்த்தாலும் லாபமில்லை.

2015 மார்ச் 26 அன்று பஃபலோவில் சேபர்ஸும் அரிசோனாவும் ஆடின. இரண்டும் கடைசி இடத்துக்குப் போட்டி போட்ட அணிகள். கூடுதல் நேரத்தில் அரிசோனா கோல் போட்டு வென்றபோது பஃபலோ ரசிகர்கள் தங்கள் சொந்த அரங்கில் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். மெக்டேவிட் மேல் அவ்வளவு ஆசை. அந்த ரசிகர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். தளத்தில் இருந்த வீரர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவர்கள் உண்மையாகத்தான் ஆடினார்கள். வீரர்கள் ஒருபோதும் தோற்பதற்காக ஆடுவதில்லை, அடுத்த ஒப்பந்தம் அவர்கள் ஆட்டத்தில்தான் இருக்கிறது. தோற்கும்படி அணியை அமைப்பது மேலே உட்கார்ந்திருப்பவர்கள்.

பஃபலோ கடைசியில்தான் முடித்தது. லாட்டரியில் வென்றது 11.5 சதவீத வாய்ப்பு வைத்திருந்த எட்மன்டன். அதன் பிறகு குலுக்கல் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன.

டெட்ராய்ட் கடைசிச் சுற்றுகளில் வைரங்களைக் கண்டெடுத்ததே? அப்படியிருக்க உயர்ந்த பிக் எதற்கு?

உண்மைதான். நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 53, பாவெல் தாத்சுக் 171, ஹென்ரிக் செட்டர்பெர்க் 210. ஐரோப்பாவில் மற்ற அணிகள் கால் வைக்காத ஊர்களுக்கெல்லாம் டெட்ராய்ட் ஸ்கவுட்கள் போனார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று எல்லா அணிகளும் எல்லா ஊர்களையும் பார்க்கின்றன, வீடியோவும் புள்ளிவிவரமும் எல்லோர் கையிலும் இருக்கின்றன. 25 சீசன்கள் தொடர்ந்து பிளே ஆஃப் ஆடிய டெட்ராய்ட் 2017 முதல் 2025 வரை ஒருமுறைகூடப் போகவில்லை. 2020-ல் கடைசி இடத்தில் முடித்தும் அப்போதைய லாட்டரி விதிப்படி நான்காம் இடத்துக்கு இறங்கியது.

தாத்சுக்கை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 171-வதாக எடுக்கப்பட்டு ஓர் ஆட்டம்கூட ஆடாமல் போனவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. கடைசிச் சுற்றில் நல்லவர் கிடைப்பது உண்டு, ஆனால் அதை நம்பி அணி கட்ட முடியாது.

கோலியை முதல் பிக்கில் எடுக்கலாமா?

நான் எடுக்க மாட்டேன். கோலிகள் முற்றுவதற்கு மற்றவர்களைவிட அதிக காலம் பிடிக்கும். 2000-ல் ஐலண்டர்ஸ் முதலாவதாக ரிக் டிபியெட்ரோ என்ற கோலியை எடுத்தது. அதற்கு வழிவிட, முன்பு நான்காவதாக எடுத்திருந்த ரொபெர்டோ லுவாங்கோவை ஃபுளோரிடாவுக்குக் கொடுத்தது. டிபியெட்ரோவின் ஆட்ட வாழ்க்கையைக் காயங்கள் தின்றுவிட்டன. அதே டிராஃப்டில் 205-வதாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்த கோலி ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட்.

பிக்கை டிரேட் செய்வது புத்திசாலித்தனமா?

யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. இந்தக் கலையின் ஆசான் மாண்ட்ரியல் கனேடியன்ஸின் பொது மேலாளராக இருந்த சாம் போலக். 1970-ல் கலிஃபோர்னியா கோல்டன் சீல்ஸ் என்ற பலவீனமான அணியிடமிருந்து அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக்கை வாங்கிவைத்தார். சீசன் நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் சீல்ஸைவிடக் கீழே இறங்கிவிடும் போலிருந்தது. இறங்கினால் போலக் கையிலிருக்கும் பிக் முதலாவதாக இருக்காது. ரால்ஃப் பேக்ஸ்ட்ரோம் என்ற நல்ல சென்டரை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார். கிங்ஸ் மேலே ஏறியது, சீல்ஸ் கடைசியில் முடித்தது. முதல் பிக்கில் மாண்ட்ரியல் எடுத்தவர் கீ லஃப்ளூர். அவரோடு ஐந்து கோப்பைகள்.

1991-ல் கியூபெக் நார்டிக்ஸ் எடுத்த எரிக் லிண்ட்ராஸ் அந்த அணிக்கு ஆட மாட்டேன் என்று உறுதியாக மறுத்துவிட்டார். ஒரு வருடம் கழித்து அவரை பிலடெல்பியாவுக்குக் கொடுத்து கியூபெக் வாங்கியவை: பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உட்படப் பல வீரர்கள், இரண்டு முதல் சுற்று பிக்குகள், 1.5 கோடி டாலர். அதில் ஒரு பிக்கைக் கொண்டு 1993-ல் எடுத்த கோலி ஜோசலின் திபோ, 1995 டிசம்பரில் மாண்ட்ரியலுக்குப் போனார். பதிலுக்கு வந்தவர் பாட்ரிக் ருவா. அதற்குள் அணி டென்வருக்கு இடம்பெயர்ந்து கொலராடோ அவலாஞ்ச் ஆகியிருந்தது. 1996-ல் கோப்பை. கியூபெக் நகர மக்களுக்கு அந்த மகிழ்ச்சி கிடைக்காமலே போயிற்று.

விற்று ஏமாந்த கதைக்கு நம் டொராண்டோவையே சொல்லலாம். 2009 செப்டம்பரில் மேப்பிள் லீஃப்ஸ் ஃபில் கெஸலை வாங்க பாஸ்டனுக்கு இரண்டு முதல் சுற்று பிக்குகளையும் ஓர் இரண்டாம் சுற்று பிக்கையும் கொடுத்தது. அந்த சீசனில் லீஃப்ஸ் கடைசிக்கு முந்திய இடம். பாஸ்டனுக்கு 2010-ல் இரண்டாவதாக டைலர் செகின், 2011-ல் ஒன்பதாவதாக டகி ஹாமில்டன். செகின் தன் முதல் சீசனிலேயே கோப்பையைத் தூக்கினார். கெஸல் அருமையான வீரர், டொராண்டோவில் அவர் போட்ட கோல்களுக்குக் குறைவில்லை. தவறு அவர் மேல் இல்லை. பலவீனமான அணி தன் எதிர்கால முதல் பிக்கை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் விற்கக் கூடாது. இப்போது ‘முதல் பத்துக்குள் வந்தால் தர மாட்டோம்’ என்று நிபந்தனை வைத்து விற்பது வழக்கமாகிவிட்டது.

எதிர்பார்த்தபடி வராத முதல் பிக் வீரர்களை என்ன சொல்வது?

ஏமாற்றியவர் என்ற பொருளில் அவர்களை ‘பஸ்ட்’ என்பார்கள். அந்த வார்த்தையை நான் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டேன். 1993-ல் ஒட்டாவா முதலாவதாக எடுத்த அலெக்சாண்டர் டேகுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 1.225 கோடி டாலர் கொடுத்தார்கள். புதியவர்களின் சம்பளத்துக்கு 1995-ல் உச்சவரம்பு வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இன்றும் ஏமாற்றத்துக்கு உதாரணமாக அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவர் என்.எச்.எல்.-ல் 616 ஆட்டங்கள் ஆடினார். 616 ஆட்டம் ஆடியவர் தோற்றுப்போனவர் என்றால், அந்த அளவுகோலை நிர்ணயித்தது அவர் அல்ல, 18 வயதில் அவர் தலையில் ஏற்றப்பட்ட இடம். அதே பையன் முப்பதாவதாக எடுக்கப்பட்டிருந்தால் நல்ல தேர்வு என்று பாராட்டியிருப்பார்கள்.

லீஃப்ஸுக்கு ஆஸ்டன் மேத்யூஸ் கிடைத்தாரே, அது பலித்ததா?

வீரராகப் பலித்தது, முழுக்கப் பலித்தது. மேத்யூஸ் பிறந்தது செப்டம்பர் 17. டிராஃப்ட் வயதுக்கான கெடு செப்டம்பர் 15. அந்த இரண்டு நாளால் 2015-ல் மெக்டேவிட்டோடு வந்திருக்க வேண்டியவர் ஒரு வருடம் சூரிக்கில் ஆடிவிட்டு 2016-ல் வந்தார். லீஃப்ஸ் அந்த ஆண்டு கடைசி இடம், 20 சதவீத வாய்ப்பு, அதிர்ஷ்டம் நம் பக்கம் இருந்தது. முதல் ஆட்டத்தில் நான்கு கோல் போட்டார். அந்த ஆட்டத்தை லீஃப்ஸ் 5-4 என்று தோற்றது. 2023-24-ல் 69 கோல்கள்.

அணியாக? 2017 முதல் 2025 வரை ஒன்பது ஆண்டுகளில் பிளே ஆஃபில் வென்றது இரண்டே தொடர்கள், 2023-ல் டாம்பாவையும் 2025-ல் ஒட்டாவாவையும். மேத்யூஸ், எட்டாவதாக எடுத்த நைலாண்டர், நான்காவதாக எடுத்த மார்னர், வெளியிலிருந்து வந்த டவாரஸ் ஆகிய நால்வரின் சம்பளம் சில ஆண்டுகள் மொத்த உச்சவரம்பில் கிட்டத்தட்டப் பாதியை விழுங்கியது. மீதிப் பாதியில் பத்தொன்பது பேர். மேலே சொன்ன அந்த மலிவான மூன்று ஆண்டுகளை லீஃப்ஸும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம். மார்னர் 2025-ல் வேகாஸுக்குப் போய்விட்டார். 1967-க்குப் பிறகு கோப்பை இல்லை.

என் மகன் ஸ்கார்பரோவில் ஹாக்கி ஆடுகிறான். மேலே எடுக்கப்படாவிட்டால் கதவு மூடிவிடுமா?

மூடாது. 18 வயதில் எடுக்காவிட்டால் அடுத்த இரண்டு டிராஃப்ட்களிலும் பெயர் இருக்கும். எதிலும் எடுக்காவிட்டால் எந்த அணியோடும் நேரடியாக ஒப்பந்தம் போடலாம். மார்ட்டின் செயின்ட் லூயி, ஆர்ட்டெமி பனாரின் இருவரையும் எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை.

ஸ்கார்பரோவிலேயே உதாரணம் இருக்கிறது. அங்கே வளர்ந்த வெய்ன் சிம்மண்ட்ஸ் 2007-ல் 61-வது பிக். ஆயிரத்துக்கும் மேற்பட்ட என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடினார். அவருக்கு முந்திய தலைமுறையில் ஆன்சன் கார்ட்டர், 1992-ல் 220-வது பிக், இன்றைய ஏழு சுற்று டிராஃப்டில் கடைசி ஐந்து பேரில் ஒருவராக நின்றிருப்பார். எடுக்கப்பட்ட பிறகு நான்கு ஆண்டுகள் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். 2003 உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த கோல் அவருடையது.